எல்லை மீறினால் சைக்கிள் மணி

மாசி 4, ஞாயிறு

கீழமணற்குடியின் வரலாற்றில் இன்று ஒரு திருப்பம். எல்லை மீறும் நகைச்சுவையை நிறுத்த அடிக்கப்படும் மணி சைக்கிள் மணியாக இருக்க வேண்டும் என்று காமன் பண்டிகை விழாக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. கோயில் மணி முதலில் பரிசீலிக்கப்பட்டது. தெய்வத்தை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று கைவிட்டோம். பள்ளிக்கூட மணி அடித்தால் எல்லாம் முடிந்ததென்று ஜனங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடும். சைக்கிள் மணி எந்தக் கட்சியையும் சாராதது. விவாதம் ஒன்றரை மணி நேரம் நடந்தது.

குழுச் செயலாளர் என்ற முறையில், என் சைக்கிளிலிருந்தே மணியைக் கழற்றித் தருவதாகச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் கலியபெருமாள் மட்டும் தட்டவில்லை. அவர் கையில் பஜ்ஜி இருந்தது. அது ஒரு விளக்கமாக இருக்கலாம். குறித்து வைக்கிறேன்.

மாசி 5, திங்கள்

பின்னால் படிப்பவர்களுக்காகச் சில விவரங்கள்.

சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த மன்மதனை ஆண்டுக்கொரு முறை எங்கள் ஊரும் எரிக்கிறது. மாசிப் பௌர்ணமியன்று. அதற்கு முந்தின நாள் மாலை ‘வாசல் பேச்சு’ நடக்கும். கோமாளி உடுக்கை அடித்தபடி தெருத் தெருவாக வந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டுக்காரரை ஊர் கேட்கப் பழித்துப் பேசுவான். வீட்டுக்காரர் சிரித்தபடி ஒரு படி அரிசி போட வேண்டும். காமன் எரியும்வரை கோபப்படக் கூடாது. எரிந்த பிறகு கோபப்படுவதற்கு ஒன்றுமில்லை. சொன்ன சொல்லெல்லாம் அந்தச் சாம்பலோடு போயிற்று என்பது கணக்கு.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அந்த ஆண்டில் சாவு விழுந்த வீட்டு வாசலில் கோமாளி பேச மாட்டான். உடுக்கையை நிறுத்திக் கைகூப்பிவிட்டுப் போய்விடுவான். விவரம் தெரியாதவர்களும் அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு மறுநாள் காலை துக்கம் கேட்க வருவார்கள்.

கோமாளி எந்தத் தலைமுறையிலும் எல்லை மீறத்தான் செய்திருக்கிறான். ஆனால் போன ஆண்டு மீறியது வேறு வகை. மில் முதலாளியான கலியபெருமாள் வாசலில், “மொதலாளி அரிசியில கல்லு கெடக்குதுங்கிறாங்க. அபாண்டம்! கல்லுலதான் அரிசி கெடக்கு” என்றான். கவுன்சிலர் வீட்டில், கவுன்சிலரின் கணவர் தனராசுவைப் பார்த்து, “அம்மாவோட கையெழுத்து எப்படி இருக்கும்னு அம்மாவுக்கு ஒருநாளாச்சும் காட்டுங்கண்ணே” என்றான். என் வாசலில் பல்லியைப் பற்றி ஏதோ சொன்னான். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

நான் புண்படவில்லை. தந்தி ஆபீசில் முப்பத்தோரு ஆண்டு பணியாற்றியவன். மரணச் செய்திகளையே முகம் மாறாமல் வாங்கி அனுப்பியிருக்கிறேன். கருத்துச் சுதந்திரத்தை முழுமையாக ஆதரிக்கிறேன். அதனால்தான் இந்த ஆண்டு அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருக்கிறோம்: மாலை ஆறு முதல் ஏழரை வரை. பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஆய்வுக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். ஆய்வுக் குழு: கலியபெருமாள், தனராசு, நான்.

மணியைக் கழற்றும்போது என் மனைவி தையல்நாயகி வாசலில் நின்று பார்த்தாள். எதற்கென்று கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தேவையற்ற சொற்கள் புழங்குவதில்லை.

மாசி 7, புதன்

காமன் கம்பம் நட்டார்கள். கரும்பும் ஆமணக்கும் சேர்த்துக் கட்டி, வைக்கோல் பிரி சுற்றி.

கோமாளியை ஆய்வுக்கு அழைத்திருந்தோம். பெயர் பக்கிரிசாமி. கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன், ஐம்பது வயது. நாங்கள் நாற்காலியிலும் அவன் பெஞ்சிலும் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் மேசைமேல் இருந்த மணியை எடுத்து ஒரு முறை அடித்துப் பார்த்தான்.

“தந்தி சார் சைக்கிளுதானே இது? சத்தமே சிக்கனமா வருது.”

கலியபெருமாள் சிரித்தார். நான் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

“பக்கிரி, சொன்னாப் புரிஞ்சுக்க. ஊர்ல பல பேரு மனசு புண்பட்டிருக்கு” என்றார் தனராசு.

“யாரு மனசுண்ணே? பேரு சொன்னா போயி மருந்து போட்டுட்டு வர்றேன்.”

“அதெல்லாம் சொல்ல முடியாது.”

“நீங்க மூணு பேருதானா, இல்ல வெளியிலயும் இருக்காங்களா?”

பிறகு அவன் குரல் மாறியது. “மொதலாளி, வருசம் பூரா நான் என்ன பேசுறேன்? கடைக்கு வர்றவங்க ‘ஏண்டா இன்னும் கட்டல’ன்னா ‘நாளைக்குங்கய்யா’. காசக் கேட்டா ‘அடுத்த வாரம் பாப்போம்’, ‘சரிங்கய்யா’. வருசத்துல ஒரு சாயங்காலந்தான் என் வாயி எனக்கு. அதுக்கும் மணி கட்டுறீங்களே.”

“பேச வேண்டாம்னு யாரும் சொல்லலையே. எழுதிக் கொடுத்துட்டுப் பேசுன்னுதான் சொல்றோம்” என்றேன்.

“வசவ எழுதிக் குடுத்தா அது வசவா சார்? அது நோட்டீசு.”

ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ளாவிட்டால் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரவழைப்போம் என்று சொல்ல வேண்டியிருந்தது. எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று கேட்டான்: “போன வருசம் பல்லி கதைக்கு அம்மா நல்லா சிரிச்சாங்களே சார். இப்பவும் அந்தப் பல்லி இருக்கா?”

அவளுக்குச் சிரிப்பு வந்ததை இவன் கவனித்திருக்கிறான். நானும் அன்று கவனித்தேன். அந்தச் சிரிப்பை அதற்கு முன் எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. என் கேள்வி வேறு: எங்கள் வீட்டுக்குள் நடப்பது இவனுக்கு எப்படித் தெரிந்தது?

மாசி 8, வியாழன்

விசாரணையில் தெரிந்தவை. தையல்நாயகி பிற்பகல்களில் எதிர்வீட்டு சுலோசனாவிடம் போகிறாள். சுலோசனாவின் கணவன் மோட்டார் காயில் கட்டப் பக்கிரிசாமியின் கடைக்குத்தான் போகிறான். சங்கிலி முழுமையாக இருக்கிறது.

இன்றும் போனாள். ஜன்னலருகே நின்றேன். இரண்டு பெண்களும் பேசுவது கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. தையல்நாயகி இவ்வளவு வேகமாகப் பேசுவாள் என்பது எனக்குப் புதிய தகவல். சுலோசனா “ஐயோ போங்கக்கா” என்று சிரித்தாள்.

மாலை வந்ததும் கேட்டேன்: “என்ன பேச்சு?”

“முருங்கைக்கா” என்றாள்.

முருங்கைக்காயைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடியாது.

மாசி 10, சனி

பக்கிரிசாமி எழுதிக் கொடுத்தான். அவன் மகளின் கையெழுத்து, நன்றாகவே இருந்தது. ஆய்வு மூன்று மணி நேரம் நடந்தது.

நடைமுறை இப்படி அமைந்தது: ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய வரியை அடிக்கச் சொன்னார், மற்றவர்களைப் பற்றியதில் “இருந்துட்டுப் போகட்டும், ஜனங்க சிரிக்கணும்ல” என்றார். பிறகு சொந்தக்காரர்களின் வரிகளையும் அடித்தோம். பிறகு சம்பந்திகள். பிறகு கலியபெருமாளின் மில்லில் நெல் அரைப்பவர்கள், தனராசுவின் வார்டில் ஓட்டுப் போடுபவர்கள். முடிவில் இரண்டு குடும்பங்கள் மிஞ்சின. அவர்கள் வெளியூரிலிருந்து குடிவந்தவர்கள். அவர்களை மட்டும் பழித்தால் நன்றாக இருக்காது என்று அவர்களையும் விடுவித்தோம்.

அடித்த இடங்களில் நான் மாற்று வரிகள் எழுதினேன். உண்மையாகவும் எவரையும் புண்படுத்தாததாகவும் இருக்க வேண்டும் என்பது கொள்கை. கலியபெருமாளுக்கு: “இவ்வீட்டு அரிசி வெண்மையானது.” தனராசுவுக்கு: “இவ்வீட்டில் காற்றோட்டம் நன்று.”

என் வீட்டு எண்ணுக்கு நேரே மட்டும் ஒன்றும் எழுதப்படவில்லை. வெற்றிடம்.

பக்கிரிசாமியைக் கேட்டேன். “உங்க வீட்டுக்கு ஒண்ணும் தோணல சார். நீங்களே ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. அப்படியே சொல்லிர்றேன், ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.”

எதற்கு இந்தப் பெருந்தன்மை?

மாசி 12, திங்கள்

முதல் வரைவு: “இவ்வீட்டில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் தம் மனைவியுடன் அமைதியாக வாழ்கிறார்.”

படித்துப் பார்த்தேன். ‘அமைதியாக’ என்ற இடத்தில் பக்கிரிசாமி சற்று நிறுத்தினால் போதும், தெரு சிரித்துவிடும். நீக்கினேன். ‘வாழ்கிறார்’ என்பதை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். நீக்கினேன். தந்தியில் பழகிய கை. பத்துச் சொல்லில் சொல்ல முடியாதது ஒன்றுமில்லை என்று புதியவர்களுக்குச் சொல்வேன்.

ரேஷன் கடையில் பச்சரிசி போடவில்லை.

மாசி 14, புதன்

இன்னும் வரி அமையவில்லை. எழுதுவது அவ்வளவு சுலபமில்லை. கோமாளிக்கு அது எப்படி வருகிறதோ.

இரவுச் சாப்பாட்டின்போது, ஒரு ஆய்வு நோக்கில், தையல்நாயகியிடம் கேட்டேன்: “நம்ம வீட்டைப் பத்தி ஒரு வரி சொல்லணும்னா என்ன சொல்லுவ?”

கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றது.

“என்னையா கேக்குறீங்க?”

“வேற யாரு இருக்கா?”

கரண்டியை விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பிறகு, “இந்த வீட்டுல ரெண்டு பேரு இருக்காங்கன்னு சொல்லச் சொல்லுங்க” என்றாள்.

“அவ்வளவுதானா?”

“அது போதும். தெருவுல நின்னு சத்தமா சொல்லச் சொல்லுங்க.”

எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நான் கேட்கவில்லை.

மாசி 15, வியாழன்

“இவ்வீட்டில் இருவர் உள்ளனர்.” மூன்று சொல். சுருக்கமானது, உண்மை, யாரையும் புண்படுத்தாது. ஆய்வுக் குழு ஒப்புதல் அளித்தது. பக்கிரிசாமி வாங்கிப் படித்தான். எதிர்பார்த்த மாதிரி சிரிக்கவில்லை. “இது அம்மா சொன்னதா சார்?” என்று மட்டும் கேட்டான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அம்மா சொன்னது என்று எப்படி ஊகித்தான்?

மாசி 17, சனி

வீட்டில் வழக்கத்துக்கு மாறான நடவடிக்கைகள். தையல்நாயகி வாசலைச் சாணம் போட்டு மெழுகினாள். பித்தளைப் படியைப் புளி போட்டுத் துலக்கினாள். வாசலில் எரியாமல் கிடந்த பல்பை மாற்றச் சொல்லி சுலோசனாவின் கணவனை அழைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லியிருக்கலாம். மகளிடம் போனில், “நாளைக்கு நம்ம வீட்டுக்கும் வர்றாங்கடி” என்றாள். சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. வழக்கமாகச் சாத்திவிட்டுத்தான் பேசுவாள்.

ஒரு வரிக்கு இத்தனை ஏற்பாடா? அந்த வரியில் நான் கவனிக்காதது ஏதோ இருக்கிறது.

மாசி 18, ஞாயிறு — காலை

கண்டுபிடித்துவிட்டேன். “இவ்வீட்டில் இருவர் உள்ளனர்” என்று எந்த வீட்டைப் பற்றிச் சொல்வார்கள்? பார்த்தால் ஒருவர்தான் இருக்கிறார் என்று தோன்றும் வீட்டைப் பற்றித்தான். அல்லது யாருமே இல்லை என்று தோன்றும் வீட்டைப் பற்றி. பல்லிக் கதையும் இதேதான். போன ஆண்டு அவன் சொன்னது: “தந்தி சார் வீட்டுல பல்லிக்குக்கூட பேசணும்னா பக்கத்து வீட்டுக்குத்தான் போவுது.” ஒரே கருத்து. முதலில் கோமாளி வாயிலிருந்து வந்தது. இப்போது என் மனைவி வாயிலிருந்து, என் கையெழுத்தில், குழுவின் முத்திரையோடு.

பத்து மணிக்குப் பக்கிரிசாமியின் கடைக்குப் போனேன். வரியைத் திருத்த வேண்டும் என்றேன். ‘இருவர் உள்ளனர்’ போனால் ‘இவ்வீட்டில்’ தனியாக நிற்காது. ‘இவ்வீடு’ என்று மாற்றினேன். சொல்லிக் காட்டச் சொன்னேன்.

“இவ்வீடு” என்றான்.

அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அது இன்னும் மோசம். அந்தச் சொல்லையும் அடித்தேன்.

கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “அப்ப உங்க வாசல்ல நான் ஒண்ணுமே சொல்லக் கூடாது?”

“ஆமாம்.”

“சார், பேசாம போனா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்ல? நீங்க இந்த ஊருதானே?”

“எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் கற்பிச்சா எதையுமே நடத்த முடியாது.”

“அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

இவனுக்கு என்ன அக்கறை?

மாசி 18 — மாலை

வாசல் பேச்சு ஆறு மணிக்குத் தொடங்கியது. கூட்டம் அதிகம். நான் மணியுடன் கோமாளிக்குப் பின்னால் நடந்தேன்.

முதல் வாசல் கலியபெருமாளுடையது. உடுக்கை அடித்து, பக்கிரிசாமி கைகட்டி நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல, “இவ்வீட்டு அரிசி வெண்மையானது” என்றான். அடுத்து வழக்கமாகச் சிரிப்பு வரும். வரவில்லை. தெருவே கலியபெருமாளின் முகத்தைப் பார்த்தது.

“வெள்ளைன்னா என்னடா அர்த்தம்? பாலீஷ் போட்டுச் சத்த எடுத்துர்றேங்கிறியா?”

“நான் சொல்லல மொதலாளி. குழு சொன்னது.”

“அடிங்க மணிய!”

அடித்தேன்.

தனராசு வீட்டில், “இவ்வீட்டில் காற்றோட்டம் நன்று.” பின்னாலிருந்து யாரோ, “ஏ.சி. யாரு வாங்கிக் குடுத்ததுன்னு கேக்குறான்” என்றார். தனராசு, “அது என் மாமனார் சீருய்யா! பில்லு இருக்கு” என்று உள்ளே ஓடினார். மணி அடித்தேன். மூன்றாவது வீட்டில், “இவர்கள் தென்னைமரம் நன்றாகக் காய்க்கிறது” என்றதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரம் யார் எல்லையில் இருக்கிறது என்பது கோர்ட்டில் இருக்கிறதாம். “உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள்” என்றதும் ஓர் அம்மாள், “யாருகூடன்னு சொல்ல வர்றியா?” என்று மண்ணை வாரித் தூற்றினாள். நாங்கள் பழிப்பிலிருந்து விடுவித்த இரண்டு வெளியூர்க் குடும்பங்கள், தங்களை ‘நல்லவர்கள்’ என்று மட்டும் சொன்னதால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்களோ என்று கேட்டன.

கை வலிக்கும்வரை மணி அடித்தேன். முந்தின ஆண்டுகளில் இத்தனை பேர் கோபப்பட்டதில்லை. யாரோ இவர்களைத் தூண்டிவிட்டிருக்கிறார்கள்.

எங்கள் வாசலுக்கு வந்தோம். புது பல்பு எரிந்தது. தையல்நாயகி அரக்குப் பட்டுப் புடவையில், துலக்கிய படியில் அரிசியோடு நின்றாள். தலையில் பூ இருந்தது.

பக்கிரிசாமி நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மணியைக் கையில் வைத்திருந்தேன். பிறகு அவன் உடுக்கையை நிறுத்தி, அவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனான்.

கூட்டம் முழுவதும் பேச்சை நிறுத்தியது. ஆண்கள் தலைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒழுங்கான, அமைதியான கூட்டமாக இருந்தது. முழு மாலையில் மணி தேவைப்படாத வாசல் எங்களுடையது மட்டுமே.

அவள் படியைக் கீழே வைக்கவில்லை. தெரு காலியான பிறகும் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரச் சொன்னேன்.

மாசி 19, திங்கள்

காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மேலத்தெருக்காரர்கள் நான்கு பேர். என்னைப் பார்த்ததும் ஒருவர் முகத்தில் ஏமாற்றம் போன்ற ஏதோ தெரிந்தது. “யாருன்னு தெரியல சார். கோமாளி கைகூப்புனான்னாங்க. வந்துட்டோம்.”

இங்கே எவருக்கும் ஒன்றுமில்லை என்று விளக்கினேன். “சரி சார், மனசத் தேத்திக்குங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். கலியபெருமாளும் வந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். “வழக்கம்னா வழக்கந்தானேங்க” என்றார். பழிவாங்குகிறார் என்று சந்தேகிக்கிறேன்.

பெண்கள் நேராக உள்ளே போனார்கள். தையல்நாயகி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இங்கே துக்கமெல்லாம் ஒன்றுமில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள். சொல்லவில்லை. சுலோசனா அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். மேலத்தெருவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள் கேட்டது எனக்கு வாசலில் கேட்டது.

“எப்பம்மா ஆச்சு?”

“ரொம்ப நாளாச்சு” என்றாள் தையல்நாயகி.

இது தவறான தகவல். ஆனால் நான் உள்ளே போய்த் திருத்துவதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் ஆண்களுக்கு நாற்காலி போட்டேன்.

நண்பகலில் மன்னார்குடியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். யாரோ போனில் தகவல் கொடுத்திருக்கிறார்கள். யாரென்று விசாரிக்க வேண்டும். கையில் பெரிய ரோஜா மாலை. வாசலில் என்னைப் பார்த்து அப்படியே நின்றார்.

“நீங்க நல்லாத்தானே இருக்கீங்க, மாப்ள?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல், மணியில்லாத என் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டினார். உள்ளே போய்த் தங்கையிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். துக்க வீட்டுப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சில நாள் வைத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கம் இதற்குப் பொருந்தாது என்று சொன்னேன். “தெரியும் மாப்ள” என்றார்.

மூன்று மணிப் பேருந்துக்குக் கிளம்பினார்கள். படியிலிருந்த அரிசியை அவள் சுலோசனாவிடம் கொடுத்திருக்கிறாள், பக்கிரிசாமியிடம் சேர்க்கச் சொல்லி. வாசலில் நின்று, “வர்றேன்” என்றாள். எப்போது என்று கேட்டிருக்கலாம்.

மாலை காமனை எரித்தார்கள். நான் குழுச் செயலாளர் என்பதால் போனேன். பக்கிரிசாமி வேஷம் இல்லாமல் ஓரமாக நின்றான்.

“இந்த வருசம் எரிக்கறதுக்குச் சொல்லே இல்ல சார். வெறும் வைக்கோல்தான்.”

மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மாசி 20, செவ்வாய்

வரவு செலவு எழுதினேன். அடுத்த ஆண்டு ஆய்வுக் குழுவில் ஐவர் இருக்க வேண்டும் என்று குறிப்பு வைத்தேன். உத்தரத்தில் பல்லி கத்தியது. நின்று கேட்டேன்.

மாசி 21, புதன்

சைக்கிளில் மணியை மாட்டினேன். மாலையை எடுத்துக் குப்பையில் போட்டேன். பால்காரரிடம் நாளை முதல் கால் லிட்டர் போதும் என்று சொன்னேன்.